எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி மாடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கப்பல் படம் மாட்டியிருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். அடியில் அப்பாவின் சாய்ந்த எழுத்தில் "ழான் லபோர்த், 1964" என்று இருக்கும். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் முதல் என் தங்கை மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வரை, அதைப் பார்த்து ஏதாவது கேட்காமல் யாரும் போனதில்லை. அது மூழ்குகிற வீடியோ போனுக்குப் போன் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து கேள்விகள் இரட்டிப்பாகிவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எட்டு வயதில் அந்தக் கப்பலில் போனவன் என்ற உரிமையில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

படத்தில் இருக்கிற கப்பலும் வீடியோவில் மூழ்குகிற கப்பலும் ஒன்றா?

ஒன்றுதான், பெயர்தான் வேறு. நாங்கள் ஏறியபோது அது பிரெஞ்சுக் கப்பல், ழான் லபோர்த். மூழ்கியபோது அது கிரேக்கக் கப்பல், ஓசியானோஸ். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் காஃபி பே என்ற ஊருக்கு அருகே 1991 ஆகஸ்ட் 4-ஆம் தேதி மூழ்கியது.

"டைட்டானிக் மூழ்கிய உண்மைக் காட்சி" என்று போட்டு வருகிறதே?

வரும். எனக்கே என் மருமகன் அனுப்பினான், கீழே அழுகிற பொம்மை நாலு போட்டு. டைட்டானிக் மூழ்கியது 1912 ஏப்ரல் 15 விடியுமுன், கும்மிருட்டில். அதை யாரும் படம் பிடிக்கவில்லை. இந்த வீடியோவோ பட்டப்பகலில், கலரில், மேலிருந்து எடுத்தது. டைட்டானிக்குக்கு நான்கு புகைபோக்கி, இதற்கு ஒன்று. எண்ணிப் பார்த்தாலே போதும். ஆனால் ஃபார்வர்டு செய்கிறவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

புதுச்சேரிக் குடும்பம் மடகாஸ்கர் பக்கம் எப்படிப் போனது?

அப்பா சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பிரெஞ்சு பென்ஷன், ஜூலை 14 அன்று கோட்டும் மெடலுமாகக் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்கு ஊர்வலம், பேச்சுக்கு நடுவே ஒரு பிரெஞ்சு வார்த்தை, இதெல்லாம் அந்த இனத்தின் அடையாளம். 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியா வசம் வந்தது. சட்டப்படி முழுதாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-இல். அப்பா அதற்கு முன்பே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டவர். 1960-இல் மடகாஸ்கர் சுதந்திரம் அடைந்த பிறகும் அதன் வடமுனையில் இருந்த டியகோ சுவாரெஸ் துறைமுகத்தில் பிரெஞ்சுத் தளம் தொடர்ந்தது. அங்கேதான் அவருக்கு வேலை. அம்மாவும் நானும் அங்கே போய் இரண்டு வருஷம் இருந்தோம், தங்கை அங்கே பிறந்தாள். 1964-இல் அப்பாவுக்குப் பிரான்சுக்கு மாற்றல் வந்தபோது மர்சேய் வரை எங்களைக் கொண்டுபோனது இந்தக் கப்பல்.

ழான் லபோர்த் என்பது யார் பெயர்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மடகாஸ்கருக்குப் போய்ச் சேர்ந்த ஒரு பிரெஞ்சுக்காரர். முதலாம் ரனவலோனா ராணிக்குப் பீரங்கி வார்க்கிற பட்டறை முதல் சோப்பு, கண்ணாடி வரை தொழிற்சாலை அமைத்துக் கொடுத்தவர். அப்புறம் அதே ராணியே அவரை நாட்டை விட்டுத் துரத்தினாள்.

இதற்கு மூன்று அக்கா தங்கைக் கப்பல்கள் உண்டு: லபூர்தொனே, ஃபெர்தினான் தெ லெசெப்ஸ், பியேர் லோத்தி. இவற்றில் லபூர்தொனே நம் ஊருக்குத் தெரிந்த ஆள்தான். 1746-இல் மதராஸைப் பிடித்தவர், துய்ப்ளேக்ஸோடு முட்டிக்கொண்டவர், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக வருகிறவர். அவர் பெயரில் இங்கே ஒரு வீதியும் இருக்கிறது. அந்தக் கப்பலில் ஏறியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அப்பா சொல்வார். ஊரில் பெருமை பேச வசதி, அவ்வளவுதான் காரணம்.

இந்தக் கப்பல் புதுச்சேரிக்கு வந்திருக்கிறதா?

நம் ஊர் இதன் வழியில் இல்லை. மர்சேயில் கிளம்பி சூயஸ் கால்வாய், ஜிபூத்தி, கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்கள், மடகாஸ்கர், ரெயூனியோன், மொரீஷியஸ் தீவுகள் என்று போய்த் திரும்புவதற்காகவே கட்டியது. அதன் கம்பெனியான மெஸ்ஸழெரி மரித்தீமின் வேறு கப்பல்கள் புதுச்சேரிக்கு வந்தது உண்டு. வந்தாலும் கரையோரம் வராது. ஆழம் போதாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் சரக்கும் சலங்கு என்கிற படகில் அலையைத் தாண்டிப் போய் ஏற வேண்டும். பழைய கடற்பாலத்தை 1952 புயல் பெயர்த்துக்கொண்டு போயிற்று. போர்தோ நகரத்தில் ழான் லபோர்த்தைத் தண்ணீரில் இறக்கியதும் அதே 1952-தான், ஜூலையில்.

கப்பல் உள்ளே எப்படி இருந்தது? ஞாபகம் இருக்கிறதா?

எட்டு வயதுப் பையனின் ஞாபகத்தில் கப்பல் என்பது முதலில் வாசனை. ஏணியில் ஏறி உள்ளே கால் வைத்ததும் பெயின்ட், டீசல், சுடச்சுட ரொட்டி, மூன்றும் கலந்த ஒரு நெடி. இன்றைக்கும் புதிதாகப் பெயின்ட் அடித்த லாரிக்குப் பக்கத்தில் பேக்கரி இருந்தால் எனக்கு அந்தக் கப்பல்தான்.

கேபினில் நாலு படுக்கை, மேலும் கீழுமாக. எனக்கு மேல் படுக்கை கிடைத்தது, உருளாமல் இருக்கப் பலகைத் தடுப்பு உண்டு. தங்கை கைக்குழந்தை, அம்மாவின் பக்கத்தில் கீழே படுப்பாள். வட்ட ஜன்னல் ஒன்று. அதில் பாதி நேரம் வானம், பாதி நேரம் தண்ணீர். கக்கூஸ், குளியலறை எல்லாம் வெளியே நடையின் கடைசியில். கேபினுக்குள் ஒரு சின்ன வாஷ்பேசின் மட்டும்.

அந்த வாஷ்பேசினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும்போதெல்லாம் அதன் ஓட்டையிலிருந்து "களுக்... களுக்..." என்று ஒரு சத்தம் வரும். எந்தக் கப்பலிலும் கேட்கிற சத்தம்தான், குழாய்க்குள் காற்றும் தண்ணீரும் ஏறி இறங்குவது. ஆனால் அம்மாவுக்கு அது கடலே வந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. முதல் ராத்திரியே சாப்பாட்டு மேஜையிலிருந்து மடியில் வந்துவிட்ட ஒரு கைத்துண்டைச் சுருட்டி ஓட்டையில் திணித்தாள். காலையில் கேபின் சுத்தம் செய்ய வந்தவர் எடுத்துப் போட்டார். ராத்திரி அம்மா மறுபடி திணித்தாள். மர்சேய் வரை தினமும் இதே கதை. அப்பா சிரித்துச் சிரித்து, "கடலை நாப்கினால் அடைக்கிறாள்" என்று சாப்பாட்டு மேஜையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று வடகம். அம்மா டியகோவிலேயே வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் விட்டு உருட்டிக் காய வைத்த உருண்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ டின்னைத் திறந்து பார்த்திருக்கிறாள். நடை முழுக்க மணம். எதிர் கேபினில் ரெயூனியோனில் ஏறி வந்த ஒரு பாட்டி. நம் ஊர் முகம், நம் ஊர் நிறம், ஆனால் பிரெஞ்சு உடை, பேச்சு முழுக்கத் தீவுப் பிரெஞ்சு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து கதவில் நின்றார். புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்களின் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ. அங்கே இவர்களை மலபார் என்பார்கள். தமிழ் ஒரு வாக்கியம் தெரியாது. அப்பா பிரெஞ்சில் விசாரித்துக்கொண்டிருந்தபோது அவர் அம்மாவைப் பார்த்து "மாரியம்மே" என்றார். அம்மா "மாரியம்மா" என்றாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு இல்லை. அம்மா இரண்டு உருண்டையைத் தாளில் மடித்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் ஜிபூத்தி வரை தங்கை அந்தப் பாட்டி மடியில்தான்.

மற்றபடி ஞாபகம் துண்டு துண்டாகத்தான். மொம்பாசாவில் யாரோ அப்பாவிடம் மரச் சிங்கம் விற்க வந்தது. சூயஸ் கால்வாயில் இரண்டு பக்கமும் மணல், கப்பல் ரோட்டில் போகிற மாதிரி போனது. போர்ட் சயீதில் படகுக்காரர்கள் கயிற்றில் கூடை கட்டி மேலே அனுப்பியது. மத்தியத் தரைக்கடலில் எல்லோரும் வாந்தி எடுத்தார்கள், அதை விரிவாக எழுத வேண்டியதில்லை.

அப்புறம் எப்படி அது கிரேக்கக் கப்பல் ஆயிற்று?

விமானம் வந்தது, கப்பலில் மூன்று வாரம் போகிறவர்கள் குறைந்தார்கள். 1967 போருக்குப் பிறகு சூயஸ் கால்வாய் எட்டு வருஷம் மூடிக் கிடந்தது. 1970-இல் விற்றுவிட்டார்கள். கை மாற மாறப் பெயரும் மாறியது: மிகினாய், அன்கோனா, ஈஸ்டர்ன் பிரின்சஸ். கடைசியில் 1976-இல் எபிரோட்டிகி என்ற கிரேக்கக் கம்பெனி ஓசியானோஸ் என்று பெயர் வைத்துச் சுற்றுலாக் கப்பல் ஆக்கியது. ஊர் போய்ச் சேர ஏறிய கப்பல், சும்மா சுற்றிவர ஏறுகிற கப்பல் ஆயிற்று.

எப்படி மூழ்கியது? பாறையில் மோதியதா?

பாறை இல்லை, பனிக்கட்டி இல்லை, வேறு கப்பல் இல்லை.

1991 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. ஓசியானோஸ் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்திலிருந்து டர்பனுக்குக் கிளம்பியது. அந்த நாட்டுச் சுற்றுலாக் கம்பெனி ஒன்று வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்த காலம். பயணிகளும் ஊழியர்களுமாக 571 பேர். காற்று மணிக்கு 40 நாட்டிகல் மைல், அலை 9 மீட்டர். 9 மீட்டர் என்றால் நம் ஊர் மூன்று மாடி வீட்டின் உயரம். வழக்கமாக மேல்தளத்தில் நடக்கும் புறப்பாட்டுக் கொண்டாட்டத்தை அன்று உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

இரவு ஒன்பதரை வாக்கில் கீழே எங்கோ அடக்கமாக ஒரு வெடிச் சத்தம். விளக்கு அணைந்தது, இன்ஜின் நின்றது. ஜெனரேட்டர் அறைக்குள் கடல் நீர் புகுந்துவிட்டது. அந்தக் காற்றில் இன்ஜின் இல்லாத கப்பல், குறுக்கே திரும்பி அலை போட்டபடி ஆடும்.

இதோடு நின்றிருந்தால் கப்பல் பிழைத்திருக்கும். கப்பலின் அடிவயிறு அஞ்சறைப்பெட்டி மாதிரி. தடுப்புச் சுவர் வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். மிளகு அறையில் தண்ணீர் கொட்டினாலும் சீரகம் நனையாது, அதுதான் கணக்கு. ஓசியானோஸில் ஜெனரேட்டர் அறைக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரில் சுமார் 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஏதோ குழாய் வேலைக்காகத் திறந்து, மூடாமல் விட்டது. ஒரு சொம்பின் வாய் அளவு. ஜெனரேட்டர் அறையில் நிறைந்த கடல் அந்த வழியாகக் கழிவுநீர்த் தொட்டிக்குள் போயிற்று. தொட்டியிலிருந்து மேலே போகிற குழாய்களில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கிற வால்வுகள் இல்லை. கப்பலில் எத்தனை கக்கூஸ், எத்தனை குளியலறை, எத்தனை வாஷ்பேசின் உண்டோ அத்தனைக்கும் அந்தக் குழாய்தான். கடல் அத்தனை வழியாகவும் மேலே வந்தது.

பயணிகள் எல்லோரும் மேலே ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். அபாயச் சங்கு ஊதவில்லை, அறிவிப்பு இல்லை. ஊழியர்கள் சிலர் மூட்டையும் கையுமாக ஓடுவதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. மறுநாள் பிற்பகல் மூன்றரை வாக்கில், கரையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டரில், முன்பக்கம் முதலில் இறங்கி மூழ்கியது. கப்பலின் நீளம் 150 மீட்டருக்கு மேல், அந்த இடத்தில் ஆழம் 90 சொச்சம் மீட்டர்தான். மூக்கு தரையில் தட்டி நிற்க, பின்பாதி வானத்தைப் பார்த்து நின்றது. வீடியோவில் நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

வெறும் கழிவுநீர்க் குழாய் ஒரு கப்பலை மூழ்கடிக்குமா? நம்ப முடியவில்லையே?

இதைப் புதுச்சேரிக்காரர் கேட்டால் எனக்குக் கோபமே வரும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையேறியபோது உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் எந்த வழியாக வந்தது? வாசலில் மணல் மூட்டை அடுக்கிக் காவல் இருந்தோம். பின்னால் குளியலறையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், தரை ஜல்லடையைத் தூக்கிக்கொண்டு கறுப்புத் தண்ணீர். தெருச் சாக்கடை மட்டம் நம் வீட்டுத் தரை மட்டத்தைவிட உயர்ந்தால் அது குழாய் வழியாக நம் வீட்டுக்குத்தான் வரும். மறுவாரம் பிளம்பரைக் கூப்பிட்டு என்.ஆர்.வி. போட்டோம். ஒரு பக்கம் மட்டும் திறக்கிற நாக்கு, அவ்வளவுதான் அந்தச் சாமான். அதேதான் அந்தக் கப்பலில் இல்லாமல் போனது. வித்தியாசம் என்னவென்றால், நம் தெருத் தண்ணீர் இரண்டு நாளில் வடிந்துவிடும். கடல் வடியாது. உள்ளே வர வரக் கப்பல் தாழும், தாழத் தாழ இன்னும் வேகமாக வரும்.

கேப்டன் கப்பலை விட்டு முதலில் ஓடிவிட்டார் என்கிறார்களே, உண்மையா?

பயணிகள் நிறையப் பேர் மேல்தளத்தில் காத்திருக்கும்போதே கேப்டன் யானிஸ் அவ்ரானாஸ் ஹெலிகாப்டரில் ஏறிப் போனார். அது உண்மை. கரையில் இருந்துகொண்டு மீட்பு வேலையைக் கவனிப்பது நல்லது என்று நினைத்தேன் என்பது அவர் தரப்பு. கிரேக்க விசாரணைக் குழு அவரும் நான்கு அதிகாரிகளும் கடமை தவறியவர்கள் என்று முடிவு சொன்னது. அவர் சொன்ன காரணத்தை என் அப்பா ஒரு நொடிகூட ஏற்கவில்லை. "காவல் மாறாமல் இடத்தை விட்டால் பட்டாளத்தில் அதற்கு வேறு பேர்" என்பார். எனக்கும் அதே கருத்துதான்.

அப்படியானால் யார் காப்பாற்றினார்கள்?

கப்பலில் நிகழ்ச்சி நடத்துகிற கேளிக்கைக்காரர்கள். கிட்டார் வாசிக்கிற மாஸ் ஹில்ஸ், அவர் மனைவி டிரேசி, மேஜிக் செய்கிற ஜூலியன் பட்லர், நகைச்சுவை சொல்கிற ராபின் போல்ட்மன், இவர்களைப் போன்றவர்கள். கோயில் திருவிழாவில் பந்தல் சாயும்போது நிர்வாகக் குழு ஓடிவிட, நாதஸ்வரக்காரர் கூட்டத்தைக் கட்டுப்படுத்தின மாதிரி. கீழே போய்ப் பார்த்துத் தண்ணீர் ஏறுவதைக் கண்டுபிடித்ததும் அவர்கள்தான். உயிர்ப்படகுகளில் ஆட்களை ஏற்றி இறக்கப் பாடுபட்டார்கள். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதால், பிறகு படகு இறக்கவே முடியாமல் போயிற்று. அப்புறம் கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜ் அறைக்குப் போனால் அங்கே ஒரு அதிகாரியும் இல்லை.

ஹில்ஸ் ரேடியோவை எடுத்து உதவி கேட்டார். எதிர்முனைக் கப்பல்காரர் உங்கள் பதவி என்ன என்று கேட்க, நான் கிட்டார்காரன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எங்கே இருக்கிறீர்கள் என்றால் ஈஸ்ட் லண்டனுக்கும் டர்பனுக்கும் நடுவில் என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அந்த இடைவெளி எவ்வளவு என்று வரைபடத்தில் பாருங்கள்.

விடிந்ததும் தென்னாப்பிரிக்க விமானப்படையும் கடற்படையும் வந்தன. மொத்தம் 16 ஹெலிகாப்டர். உயிர்ப்படகுகளில் இறங்கியவர்களைச் சுற்றியிருந்த சரக்குக் கப்பல்கள் எடுத்துக்கொண்டன. கப்பலிலேயே மாட்டிக்கொண்டவர்களில் 225 பேரை ஆடுகிற தளத்திலிருந்து கயிற்றில் கட்டித் தூக்கினார்கள். யாருக்கு அடுத்த முறை, கயிற்றை எப்படி மாட்டுவது என்று மேலே நின்று பார்த்துக்கொண்டதும் கிட்டார்காரரும் அவருடைய கூட்டாளிகளும்தான்.

எத்தனை பேர் இறந்தார்கள்?

ஒருவரும் இல்லை. 571 பேரும் பிழைத்தார்கள். இதைச் சொன்னால் கேட்கிறவர் முகத்தில் லேசாக ஒரு ஏமாற்றம் தெரியும். பார்த்திருக்கிறேன்.

அந்தக் கடல் அவ்வளவு மோசமா?

அந்தக் கரைக்கே ஆங்கிலத்தில் காட்டுக்கரை என்று அர்த்தம் வருகிற பெயர்தான். அகுல்யாஸ் என்ற நீரோட்டம் அங்கே வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஆற்று வெள்ளம் போல ஓடுகிறது. எதிர்த்திசையிலிருந்து புயல் காற்று அடித்தால் அலை குத்துக்குத்தாக எழும். முகத்துவாரத்தில் ஆற்று நீரும் அலையும் முட்டிக்கொள்கிற இடத்தில் படகு எப்படித் தூக்கிப் போடும் என்று நம் மீனவர்களைக் கேளுங்கள், அதை நூறு மடங்காக்கிக்கொள்ளுங்கள். 1909-இல் வாராட்டா என்ற கப்பல் 211 பேரோடு அந்தப் பக்கத்தில் காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

கப்பல் பெயரை மாற்றினால் ஆகாது என்பார்களே?

தடுப்புச் சுவரில் ஓட்டை விட்டால் ஆகாது.

அந்தப் பிரெஞ்சுக் கம்பெனிக்கே ராசி இல்லை, இன்னொரு கப்பலும் எரிந்தது என்று ஒருவர் சொன்னாரே?

எரிந்தது ழோர்ழ் ஃபிலிப்பார். 1932 மே மாதம், கன்னிப் பயணத்தில் தூரகிழக்கிலிருந்து கொழும்பு வழியாகத் திரும்புகையில் ஏடன் வளைகுடாவில் தீப்பிடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அல்பேர் லோந்த்ர் என்ற புகழ்பெற்ற பத்திரிகையாளரும் அதில் ஒருவர். சோவியத் எண்ணெய்க் கப்பல் ஒன்று முதலில் வந்து நிறையப் பேரைக் காப்பாற்றியது. ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் கப்பல் ஓட்டிய கம்பெனியில் விபத்து நடந்ததைச் சொல்லி ராசி பார்ப்பதென்றால், நம் ஊர் டவுன் பஸ்ஸில் யாரும் ஏறக் கூடாது.

இப்போது கப்பல் எங்கே இருக்கிறது?

மூழ்கிய இடத்திலேயே, 90 மீட்டருக்கும் கீழே. நீரோட்டத்தின் வேகத்தால் அனுபவப்பட்ட முக்குளிப்பவர்கள்கூட அங்கே இறங்கத் தயங்குவார்கள்.

தகவல் தெரிந்தபோது வீட்டில் என்ன சொன்னார்கள்?

1991-இல் செய்தி வந்தபோது எங்களுக்குத் தெரியாது. ஓசியானோஸ் என்று ஒரு கிரேக்கக் கப்பல் போனதாகப் பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைத்திருப்போம். இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஜூலை 14 ஊர்வலம் முடிந்து அப்பாவோடு வந்த இன்னொரு சொல்தா சட்டைப் பையிலிருந்து ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைத் துண்டை எடுத்தார். பாரிசிலிருந்து அவர் மகன் அனுப்பியது. அதில் பழைய பெயரும் இருந்தது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்து படித்தார். படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து படித்தார். வந்தவருக்கு அம்மா காபி கொண்டுவந்தாள்.

"இந்தா, நம்ம கப்பல் முழுகிப்போச்சாம்" என்றார் அப்பா.

"எந்தக் கப்பல்?"

"லபோர்த்."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "எப்படி?"

அப்பா பேப்பரைப் பார்த்தபடியே, "கக்கூஸ் குழாய் வழியா தண்ணி ஏறிடுச்சாம்" என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவை மட்டும் பார்த்தாள், ரொம்ப நேரம். வந்த சொல்தாவுக்கு எதுவும் விளங்கவில்லை. அதற்கப்புறம் அப்பா அந்த நாப்கின் கதையை யாரிடமும் சிரிப்புக்காகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது நம் ஊருக்கும் சொகுசுக் கப்பல் வருகிறதே, போகலாமா?

2022-இல் வரப் பார்த்தது, அனுமதி கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் வந்து வெளியே கடலில் நின்று, ஆட்களைச் சின்னப் படகுகளில் கரைக்கு அனுப்பியது. சலங்குக் காலத்திலிருந்து நாம் அந்த விஷயத்தில் ஒன்றும் மாறவில்லை.

தாராளமாகப் போங்கள். இன்றைய விதிகள் அன்றைக்கு இல்லாதவை. 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சியைக் கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பியவுடனே நடத்தியாக வேண்டும் என்று உலக விதியையே மாற்றினார்கள். அந்தப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் பஃபே வரிசையை விட்டுவிட்டுப் போய் நில்லுங்கள். உங்கள் உயிர்ப்படகு எந்தப் பக்கம், லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கேபினிலிருந்து படிக்கட்டுக்கு ஒரு தடவை நடந்தும் பாருங்கள். எதிர்வீட்டுத் தம்பி குடும்பத்தோடு போய்விட்டு வந்தான். பயிற்சி எப்படி என்று கேட்டேன். "செல்ஃபி நல்லா வந்துச்சு பெரியப்பா" என்றான்.

அந்தக் கப்பலின் பொருள் ஏதாவது இருக்கிறதா? விற்பீர்களா?

பழம்பொருள் கடைக்காரர்கள் கேட்பது இது. நல்ல விலைக்கும் கேட்டிருக்கிறார்கள். இருப்பவை இரண்டு. ஒன்று அந்த நாப்கின். கடைசி நாள் காலையில் அவசரத்தில் அம்மா அதையும் துணிகளோடு சுருட்டிப் பெட்டியில் போட்டுவிட்டாள். எடுத்துவந்தது தெரிந்து, திருட்டுச் சாமான் என்று பல வருஷம் வருத்தப்பட்டாள். மற்றது ஒரு மெனு அட்டை, முன்பக்கம் கலர்ப் படம் போட்டது. கடைக்காரர்களுக்கு வேண்டியது அதுதான்.

அதன் பின்பக்கத்தில் பென்சிலால் அம்மா எழுதிய 1965-ஆம் வருஷத்துப் பால் கணக்கு இருக்கிறது. தேதி வாரியாக ஆழாக்குக் கணக்கு, நடுவில் நாலு நாளுக்கு நேரே "பால் தண்ணி" என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறாள். பின்பக்கத்தை அழித்துத் தந்தால் இன்னும் அதிகம் தருவதாக ஒருவர் சொன்னார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.